நாலு விரல் அதிகம்

ஜனவரி 9

விளையாட்டுப் போட்டிக்கான ஆர்டர் எங்கள் பட்டறைக்கே வந்துவிட்டது. நாற்பத்திரண்டு நாட்டுக் கொடிகள். பள்ளிப் பிள்ளைகளின் போட்டிதான். ஆனாலும் வெளிநாட்டுப் பிள்ளைகள் நம் ஊர் மைதானத்தில் ஓடப் போகிறார்கள் என்றதும் பட்டறை கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. ஒவ்வொரு அணியும் உள்ளே நுழையும்போது அதன் கொடி கம்பத்தில் ஏறுமாம். எல்லாம் ஒரே அளவு, ஆறடிக்கு நாலடி.

முதலாளியம்மா சொல்லி முடிப்பதற்குள் என் வீட்டுக்காரர் மிஷினை விட்டு எழுந்து, "நம்ம கொடியை நான்தான் தைப்பேன்" என்றார். வேறு யார் தைக்கப் போகிறார்கள்? முப்பத்தொரு வருடமாக அந்தத் துணியில் இன்னொருவர் ஊசி பட்டதில்லை. வாலிப வயசில் பட்டாளத்துக்குப் போய், பாதம் தட்டை என்று திருப்பி அனுப்பப்பட்டவர். "நாட்டுக்குக் காலைக் கொடுக்க முடியல, கையைக் கொடுத்தேன்" என்று சொல்லிக்கொள்வார். பட்டறையில் அவருக்கு மேஜர் என்று பெயர். கிண்டலுக்கு வைத்ததை அவர் பதவியாகவே எடுத்துக்கொண்டார்.

என் இடம் வெட்டுமேசை. அவர் கேட்பதற்கு முன்பே நம் கொடிக்கு மட்டும் நாலு விரல் கூட்டி வெட்டிக் கொடுத்துவிடுவேன். இங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஏன் என்று கேட்டேன். "மழையில நனைஞ்சா சுருங்கும்" என்றார். மற்ற நாட்டுக் கொடி நனையாதா? "அது அவங்க கவலை." இதற்கு அளவு நாடா கிடையாது. அவருடைய நாலு விரல்தான் அளவு. மேசை விளிம்பில் அதற்கு ஒரு கோடு கீறி வைத்திருக்கிறேன்.

ஜனவரி 10

பட்டியலில் இருபத்தேழாவது, மகன் இருக்கும் நாடு. அவர் இருபத்தாறு வரை சத்தமாக வாசித்தார். பிறகு இருபத்தெட்டை வாசித்தார்.

ஜனவரி 14

ஒவ்வொரு நாட்டிலிருந்தும் கொடியின் அளவுத் தாளோடு நாட்டைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். விழாவில் வாசிப்பதற்காம். டீ நேரத்தில் நான் வாசிக்க, எல்லாரும் கேட்டோம். வாசிக்க வாசிக்கச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று நாடுகளுக்கு உலகிலேயே பழமையான கொடி. ஒன்பது நாடுகளில் விருந்தோம்பலுக்கு நிகர் உலகில் எங்கும் இல்லை. ஐந்து நாட்டு மக்கள், துன்பத்தில் சிரிப்பதில் தனித்துவம் வாய்ந்தவர்கள்.

கொடிக்குப் பித்தளை வளையம் அடிக்கிற எங்கள் 'வளையம்' கேட்டாள்: "அப்போ துன்பத்துல அழுற நாடே இல்லையா அக்கா? நான் அங்க போயிடுறேன்."

நம் நாட்டுத் தாளும் அந்தக் கட்டில் இருந்தது. பெயரைச் சொல்லாமல் வாசித்தேன். பழமை, விருந்தோம்பல், துன்பத்தில் சிரிப்பு, மூன்றும் இருந்தன. "இது எந்தப் பீத்தல் பெருமாள்?" என்றார் அவர். பெயரைச் சொன்னேன். பட்டறையே விழுந்து விழுந்து சிரித்தது. அவர் கொஞ்சமும் அசரவில்லை. டீயை மெதுவாகக் குடித்து முடித்து, "மத்ததெல்லாம் எழுதிக்கிட்டது. நம்மளது மட்டும்தான் நெசம்" என்றார்.

நாற்பத்திரண்டு நாடுகளில், நம்முடையதும் சேர்த்து, பதினொன்றின் சிவப்பு இன்று ஒரே ரோலிலிருந்துதான் வெட்டினேன். அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் நமக்கு மட்டும் வேறு ரோல் கேட்பார்.

ஜனவரி 19

மகன் கூப்பிட்டான். குரல் ஒரு மாதிரி இருந்தது. நான் பயந்தே போனேன்.

அவன் வருகிறான். அந்த நாட்டுப் பிள்ளைகளின் அணியோடு வருகிறான். அடிபட்ட கை காலைச் சரிசெய்கிற பிசியோதெரபி அவன் வேலை. அணிக்கு ஒருவர் வேண்டுமென்றதும் கையைத் தூக்கியிருக்கிறான். மருமகளும் பாப்பாவும் கூட வருகிறார்கள். பாப்பாவுக்கு எட்டு மாதம். நான் இன்னும் அவளைத் தொட்டதில்லை. எங்கள் வீட்டில் யாரும் தொட்டதில்லை.

"அம்மா, ஓட்டல்ல தங்கிக்கிறோம். அப்பா வாடான்னு ஒரு வார்த்தை சொன்னா வீட்டுக்கு வர்றேன். சொல்லலைன்னா நீ மட்டும் வந்து பாப்பாவைப் பாரு. அவரை நான் தொந்தரவு பண்ணல."

எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. அப்பனும் பிள்ளையும் ஒரே அச்சு. நடுவில் நான் உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கம் இடி என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டு வருடம் ஆகிவிட்டது. அவன் அந்த நாட்டுக் குடியுரிமை எடுத்த அன்று போனில் நடந்தது. "கையைத் தூக்கி வேற நாட்டுக்கு விசுவாசமா இருப்பேன்னு சத்தியம் பண்ணியாமே? அப்படியே அம்மாவையும் மாத்திக்கோ" என்றார் இவர். அவன் பொறுமையாகத்தான் ஆரம்பித்தான். "அப்பா, உலகத்துலயே நாமதான் உசத்தின்னு எல்லா ஊர்லயும்தான் சொல்றாங்க. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. நம்ம குஞ்சு பொன்னுன்னு சொல்லுங்க. மத்ததெல்லாம் கரிக்குஞ்சுன்னு சொல்லாதீங்க." இவர் போனை வைத்துவிட்டார். "நம்ம நாட்டைக் காக்கைன்னு சொல்லிட்டான்" என்று பட்டறை முழுக்கச் சொன்னார். அன்றோடு பேச்சு நின்றது. பாப்பா பிறந்த சேதி சொன்னபோதும், "தாயும் பிள்ளையும் நல்லாயிருக்காங்களா?" என்று என்னிடம்தான் கேட்டார்.

ஜனவரி 20

சொன்னேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். மூன்று தடவை தவறியது. "விளையாட்டுக்கு வர்றாங்க, விளையாடிட்டுப் போகட்டும்" என்றார்.

ஜனவரி 27

இன்றைக்கு மானம் கப்பலேறியது.

போட்டிக் குழுவிலிருந்து ஒருவர் வந்தார். கழுத்தில் அளவு நாடா. பெயர் கேட்க விடாமல் அளக்க ஆரம்பித்துவிட்டார். வளையம் அவருக்கு உடனே 'டேப் சார்' என்று பெயர் வைத்துவிட்டாள். முடிந்த கொடிகள் பதினெட்டு. பதினேழு சரி. நம் கொடியில் நாடாவை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"இது மூணு அங்குலம் கூட இருக்கே?"

 எங்களுக்கெல்லாம் பழகிப்போய், அது தப்பு என்பதே மறந்துவிட்டது. நான் வெட்டியதுதானே. என் கையில் கத்திரிக்கோல் இருந்தது.

"நனைஞ்சா சுருங்கும் சார்" என்றார் என் வீட்டுக்காரர்.

"மத்ததெல்லாம்?"

அது அவர்கள் கவலை என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்கு உயிர் போனது. நல்லவேளை, சொல்லவில்லை.

டேப் சார் கத்தவில்லை. அதுதான் அதிகம் வலித்தது. "ஐயா, போட்டி நடத்துறது நாம. விருந்தாளிங்களைக் கூப்பிட்டுத் தரையில உக்கார வெச்சுட்டு நாம மட்டும் நாற்காலி மேல ஏறி நின்னா நல்லாவா இருக்கும்? பத்தாம் தேதி மறுபடி வருவேன். ஒண்ணு பிசகினாலும் ஆர்டர் வேற இடத்துக்குப் போயிடும்." போகும்போது நம் கொடியை அவரே மடித்து, இரண்டு கையாலும் மேஜரிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

ஜனவரி 28

"என் கையால அதுல கத்திரி வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

நான்தான் தையலைப் பிரித்தேன். நான்தான் வெட்டினேன். நாலு விரல் அகலத்தில் ஒரு துண்டு மேசையில் விழுந்தது. சரியான வேலைதான், ஆனாலும் அழுதேன். எனக்கும் அந்தக் கொடி கம்பத்தில் விரியும்போது தொண்டை அடைக்கும். சின்ன வகுப்பில் ஆரம்பித்தது, இன்று வரை போகவில்லை. அது பெரிதாக இருந்ததால்தான் தொண்டை அடைத்ததா என்று கேட்டுப் பார்த்தேன். இல்லை. அப்போது எனக்கு அளக்கவே தெரியாது.

வெட்டிய துண்டைக் குப்பையில் போட யாருக்கும் மனம் வரவில்லை. சாயங்காலம் பார்த்தால் மேசையில் அது இல்லை. அவருடைய சட்டைப் பை புடைத்திருந்தது.

ஜனவரி 29

சாப்பிடவில்லை. பசியில்லையாம்.

பிப்ரவரி 2

சண்டை. முழுசாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் ஆறாது.

ஞாயிற்றுக்கிழமை. போர்வையெல்லாம் துவைக்க எடுத்தேன். அவர் போர்த்திக்கொள்ளும் சாம்பல் நிறக் கம்பளி கையில் வந்தது. வெள்ளம் வந்த வருடம் வெளிநாட்டிலிருந்து நிவாரணமாக வந்து இறங்கியது. மூலையில் ஏதோ ஒரு நாட்டின் முத்திரை, எங்களுக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து. அது இல்லாமல் அவருக்குத் தூக்கம் வராது.

அவர் யாரையோ போனில் திட்டிக்கொண்டிருந்தார். நமக்கு ஈடு எவனும் கிடையாது, டேப் பிடிக்கிறவனுக்கு என்ன தெரியும் என்று. என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"நமக்கு ஈடு இல்லாதவங்க அனுப்புன கம்பளி கிழிஞ்சிருக்கு. தெச்சுக் கொடுக்கட்டா, இல்ல நீங்களே தெச்சுக்கிறீங்களா?"

முறைத்தார். "என் நாட்டை உசத்தியா நெனைக்கிறது தப்பா?"

"தப்புன்னு யார் சொன்னா? நானும்தான் நெனைக்கிறேன். நெனைச்சுட்டு அளவா வெட்டலாமே!"

"அளவா வெக்கிறதுக்குப் பேரு பாசமாடி?"

  பாசத்துக்கு அளவு உண்டா? எனக்கே தெரியாது. ஆனால் வேறு ஒன்று வாயில் வந்துவிட்டது.

"சரிங்க, பாசம் அளவில்லாம இருக்கட்டும். பொன் குஞ்சுன்னு கொஞ்ச எனக்கு இருக்கிறது ஒரே குஞ்சு. அது வேற மரத்துல கூடு கட்டிச்சு. அதனால அது நம்ம குஞ்சு இல்லைன்னு ஆயிடுச்சா? அப்போ உங்க பாசம் மரத்து மேலயா, குஞ்சு மேலயா? எட்டு மாசக் குழந்தை பத்து நாள்ல இந்த ஊர் ஓட்டல்ல வந்து படுக்கப் போகுது. அது எந்த நாட்டுக்குச் சத்தியம் பண்ணிச்சு? சொல்லுங்க! அதுக்கு இன்னும் நிக்கவே வரல!"

கத்திவிட்டேன். பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்தப்படும் சத்தம் கேட்டது. அவர் கம்பளியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய், கிழிசலை அவரே உட்கார்ந்து தைத்தார். முத்திரை மேல் தையல் ஏறாமல் பார்த்துப் பார்த்துத் தைத்தார்.

பிப்ரவரி 3

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை.

மத்தியானம் மிஷினிலிருந்தே கேட்டார்: "அந்த இருபத்தேழாவது கொடி இன்னும் வெட்டலையா?" வெட்டவில்லை. கை போகாமல் தள்ளித் தள்ளி வைத்திருந்தேன். கடையிலிருந்து மூன்று விதமான நீலம் வந்திருக்கிறது, தாளில் அச்சாகியிருப்பது எதோடும் ஒட்டவில்லை என்றேன். அதுவும் உண்மைதான்.

"அந்த ஊர்ல இருக்கிறவன் ஒருத்தன் இருக்கான்ல, அவனைக் கேக்குறது."

"நான் கேட்டா எனக்கு நீலம் தெரியாது. கண்ணு மங்கல்."

கொஞ்ச நேரம் மிஷின் ஓடியது. பிறகு நின்றது. "போனைப் போடு."

வீடியோவில் மகன் முகம் வந்தது.  இவர் முகத்தைக் காட்டாமல் மூன்று நீலத்தையும் ஒவ்வொன்றாகக் காமிரா முன் பிடித்தார்.

"இதுவா?"

"இல்லப்பா. இன்னும் கொஞ்சம் கருப்பா இருக்கும்."

"இது?"

"அதுதாம்பா. அதேதான்."

"வெளிச்சத்துல வெச்சுப் பாத்துச் சொல்லு. தப்பான நீலத்துல தெச்சுட்டான்னு உங்க ஊர்க்காரன் என்னைச் சொல்லக்கூடாது."

"சரியா இருக்குப்பா."

பாப்பா திரைக்குள் வந்து போனைப் பிடித்து இழுத்தாள். நீலத் துணிக்குப் பின்னாலிருந்து இவர் தலையை நீட்டி ஒரு நொடி பார்த்துவிட்டார். "பல்லு வந்துடுச்சா?" என்றார், பொதுவாக, காற்றைப் பார்த்து. "ரெண்டு, மாமா" என்று மருமகளின் குரல் மட்டும் கேட்டது. அந்த ஊர்க்காரி அவள், நம் பேச்சை மழலையாகத்தான் பேசுவாள். இவர் தலையாட்டிவிட்டுப் போனை என்னிடம் கொடுத்தார்.

வாடா என்று சொல்லவில்லை. ஆனாலும் இரண்டு வருடத்துக்குப் பிறகு அவன் காதில் அவர் குரல் விழுந்தது. நீலம் வாழ்க.

பிப்ரவரி 4

இருபத்தேழை வெட்டிக் கொடுத்தேன். நீலம் இரண்டு துண்டு, நடுவில் போகும் வெள்ளைப் பட்டை ஒன்று. ஆறடிக்கு நாலடி, மயிரிழை பிசகாமல்.

பிப்ரவரி 6

கண் டாக்டரிடம் போய்விட்டுத் திரும்பினால், வெட்டுமேசையில் நீலத் தூசி. "நீ வெட்டுனதுல மிஷின் எண்ணெய் பட்டுடுச்சு. நானே வேற வெட்டிக்கிட்டேன்" என்றார். முப்பத்தொரு வருடத்தில் அவர் துணியில் எண்ணெய் பட்டு நான் பார்த்ததில்லை. வயதாகிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 9

நாளைக்கு டேப் சார் வருகிறார், அதனால் ஞாயிறென்றும் பாராமல் பட்டறை திறந்திருந்தது. எல்லாக் கொடிகளையும் மடித்து அடுக்கும் வேலை எனக்கு. ஒன்றன் மேல் ஒன்று வைத்தால் விளிம்புகள் சுவர் மாதிரி சமமாக நிற்க வேண்டும். நின்றன. இருபத்தேழைத் தவிர.

வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. விரித்து, மேசை விளிம்பில் இருக்கும் கோட்டில் வைத்துப் பார்த்தேன்.

நாலு விரல்.

கை தவறியிருக்குமோ? என் விரல்களை வைத்துப் பார்த்தேன், இடம் மிஞ்சியது. அவருடைய விரல்தான். பிறகு அவருடைய டிராயரைத் திறந்தேன். நான் வெட்டிய துண்டுகள் அழகாக மடித்து உள்ளே இருந்தன. எண்ணெயும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவற்றுக்கு மேலே, நம் கொடியிலிருந்து நான் வெட்டிய அந்த நீளத் துண்டு.

டிராயரைச் சாத்தினேன். இந்த மனுஷனை என்ன செய்வது?

வெட்டிச் சரிசெய்துவிடலாம், ஐந்து நிமிட வேலை. கத்திரிக்கோலை எடுத்தேன். முடியவில்லை. நம் கொடியில் வைத்த கை இதில் வரவில்லை. இப்படியே விட்டால் நாளை எல்லார் முன்னாலும் அவர் மறுபடி தலைகுனிய வேண்டும், ஆர்டரும் போகும்.

அவர் நூல் கடைக்குப் போயிருந்த நேரம். என் துண்டுகளை டிராயரிலிருந்து எடுத்து நானே மிஷினில் உட்கார்ந்தேன். மிஷினில் எனக்குக் கை வராது. வளையம் துணியைப் பிடித்துக்கொண்டாள். ஏன் என்று கேட்டாள், சொன்னேன். அவள் வளையத்தை அடிக்கிற வரை ஒன்றுமே பேசவில்லை, அவளைப் பொறுத்தவரை அது உலக சாதனை. பெரியதை என் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

பிப்ரவரி 10

டேப் சார் நாற்பத்திரண்டையும் அளந்தார். இருபத்தைந்து, இருபத்தாறு என்று எண்ணும்போது என் வீட்டுக்காரர் எழுந்து நின்றுவிட்டார், பட்டாளத்துக்காரர் மாதிரி விறைப்பாக. வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தார் போல.

"இருபத்தேழு, சரி."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கீழே குனிந்து சாக்கட்டியைத் தேடினேன்.

பிப்ரவரி 15

தொடக்க விழா. வரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே சட்டையை இஸ்திரி போட்டார்.

நம் கொடி ஏறியபோது இருவருக்கும் தொண்டை அடைத்தது. மற்றவற்றின் அளவில்தான் இருந்தது. அழகு ஒன்றும் குறையவில்லை. அவரும் பார்த்திருப்பார், நான் கேட்கவில்லை.

இருபத்தேழாவது அணி வந்தது. பிள்ளைகளுக்குப் பின்னால், தோளில் மருந்துப் பையோடு நம் பையன். கொஞ்சம் முடி கொட்டியிருக்கிறது. அந்த நாட்டுச் சட்டை போட்டிருந்தான். நடை மட்டும் மாறவில்லை, அப்பாவுடைய அதே தட்டை நடை. இவர் கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் காதருகே சொன்னார்:

"ஓரம் சுருங்கியிருக்கு. யார் தெச்சாங்களோ."

"யாரோ கண்ணு மங்கலானவங்க."

"ம்" என்றார். கொஞ்சம் கழித்து, "ஓட்டல்ல குழந்தைக்குக் கொசு கடிக்கும். வீட்டுக்கு வரச் சொல்லு" என்றார்.

"நீங்க சொல்லணுமாம்."

அணி எங்கள் வரிசைக்கு நேரே வந்திருந்தது. இவர் எழுந்து, இத்தனை ஜனத்துக்கு நடுவில், முழுக் குரலில் கத்தினார்: "டேய்! வீட்டுக்கு வாடா!"

நாலு அணிகள் திரும்பிப் பார்த்தன.

பிப்ரவரி 16

வந்தார்கள். கையில் பேனா பிடிக்க நேரமில்லை, ஆனால் இதை எழுதாமல் விட மாட்டேன்.

பாப்பா முதலில் என்னிடம் வந்தாள், கனமாக, சூடாக. பிறகு தாத்தாவின் சட்டைப் பையில் கையை விட்டவள் அவரை விடவே இல்லை. அவர் அவளைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய், எங்கள் பேச்சு எதுவும் காதில் விழாதவர் போல நின்றுகொண்டார். மருமகள் சமையலறை வாசலில் நின்று, "அத்தை, நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒன்றும் செய்யாதே, உட்கார் என்று சொன்னேன். எங்கள் வீட்டு விருந்தோம்பலுக்கு உலகில் நிகர் இல்லை என்றேன். அவளுக்கு அது புரிந்து, "எங்கள் வீட்டிலும்" என்றாள். நல்ல பெண்.

பையிலிருந்து அந்தக் கொடியை எடுத்து மகனிடம் கொடுத்தேன். "போட்டிக்குத் தெச்சது. அளவு சரியில்லைன்னு வெச்சுட்டேன். அப்பா வேலை." அவன் விரித்தான். தையலைத் தடவினான். அவனும் கொடிப் பட்டறையில் துணி மூட்டை மேல் தூங்கி வளர்ந்தவன்தானே. விளிம்பைப் பிடித்துத் தூக்கியதுமே கைக்குத் தெரிந்துவிட்டது. கொடியை மேசையில் வைத்து, ஓரத்தில் நாலு விரலைப் பதித்தான். அவன் விரலும் அப்பாவுடைய விரல் அகலம்தான்.

 எனக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஜன்னல் பக்கமிருந்து குரல் வந்தது, திரும்பாமலே. "உங்க ஊர்ல மழை அதிகம்னு அம்மா சொன்னா. நனைஞ்சா சுருங்கும்."

 மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொடியை மடிக்கப் பார்த்தான். ஒரு பக்கம் பிடித்தால் மறுபக்கம் தரையில் புரண்டது. இவர் பாப்பாவை என் இடுப்புக்கு மாற்றிவிட்டு வந்தார்.

"அப்படி இல்லடா. ஓரத்தைப் பிடி" என்று சொல்லி எதிர்முனையைக் கையில் எடுத்துக்கொண்டார்.